ஆறு மாதம் தாங்காத எஞ்சின்

பழைய டீசல் வண்டி பார்க்கப் போனால், சாவியைக் கேட்பதற்கு முன்னால் பானெட்டின்மேல் கையை வைத்துப் பாருங்கள். அது சூடாக இருந்தால், நீங்கள் வருவது தெரிந்து முன்கூட்டியே ஒருமுறை ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். சூடான எஞ்சின் விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளை மாதிரி, அந்த ஒரு மணி நேரம் ஒழுங்காக நடந்துகொள்ளும். நீங்கள் வராந்தாவில் நின்று பழைய பிக்கப் வாங்கப்போவதாக யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. அதனால் சொல்கிறேன். வாக்குமூலத்தில் இதை எழுத வேண்டியதில்லை. எழுதினாலும் பரவாயில்லை, படிக்கிற யாருக்காவது உதவும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வளைத்துப் பேசுகிறவன் என்று என்னை நினைக்காதீர்கள். ஆனால் முன்பின் தெரியாமல் நடுவிலிருந்து சொன்னால், நான் ஏதோ கொலைகாரன் என்று தோன்றிவிடும்.

என் பட்டறை பழைய வண்டிச் சந்தையின் பின்வரிசையில் மூன்றாவது ஷெட். டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை. நீங்கள் சோதனைக்கு வந்தபோதே பார்த்திருப்பீர்கள், ஸ்பேனர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கும். தரையில் ஒரு சொட்டு ஆயில் இருக்காது. முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புக்கு மஞ்சள் பெயின்டால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பேன். பின்னால் எப்போதாவது அந்த போல்ட் தானாகத் தளர்ந்தால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு நேராக இருந்தால், நான் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். இந்தச் சந்தையில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. சோம்பேறிகள்.

வண்டி வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். போவேன். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி அதே வாயில் கவிழ்த்து வைப்பேன். மூடி துள்ளினால் உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. புகையைப் பார்ப்பேன். கறுப்பு என்றால் டீசல் வீணாகிறது, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, நிற்காமல் வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. அப்புறம் ஒரே வார்த்தை. வாங்கு, அல்லது வேண்டாம். வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவன் வாங்கினால், எத்தனை நாளில் படுக்கும் என்றும் சொல்லிவிடுவேன். இதற்காக யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. முகத்துக்கு நேரே என்னை 'ஜோசியர்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'கருநாக்கு'. இரண்டுமே காதில் விழும். இரண்டிலும் எனக்கு வருத்தமில்லை, வாக்கு பலிக்கிறது என்பதைத்தானே இரண்டும் சொல்கின்றன. சொன்ன கெடுவைத் தாண்டி ஓடிய எஞ்சின் இந்தச் சந்தையில் கிடையாது.

என் தங்கை என்னைவிட ஒன்பது வயது இளையவள். அவளும் மாப்பிள்ளையும் நடமாடும் கழிப்பறை வாடகைக்கு விடுகிற தொழில் செய்தார்கள். ஒரு நீள டிரெய்லர், நாலு கதவு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. கட்டட வேலை நடக்கிற இடம், பொதுக்கூட்டம், மைதானம், எல்லாவற்றுக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். போகாத அன்றைக்குத்தான் அந்தத் தொழிலின் அருமை ஊருக்குத் தெரியும். பேச்சு, கணக்கு, வியாபாரம் எல்லாம் தங்கை. மாப்பிள்ளை கொக்கி மாட்டுவார், கழுவுவார், சிரிப்பார். டீசல் எது பெட்ரோல் எது என்று வாசனையில் சொல்லத் தெரியாத மனிதர். மற்றபடி நல்லவர்.

அவர்களுடைய பழைய வண்டி ஓய்ந்துவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, கடை கண்ணிக்குப் போக ஒரு வண்டி வேண்டும். மீதி இரண்டு நாள் அதே வண்டி ஒன்றரை டன் டிரெய்லரையும் இழுக்க வேண்டும். சந்தையில் அப்போது தோதாக இரண்டு பிக்கப் நின்றன. ஒன்றில் மூன்று லிட்டர் பழைய எஞ்சின். டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, டைமிங் பெல்ட்கூடக் கிடையாது, எல்லாம் பல்சக்கரம். சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் நடுக்காட்டில் பிரித்து மாட்டலாம். இன்னொன்று இரண்டேகால் லிட்டர், டர்போ வைத்தது, இன்ஜெக்டருக்குக் கம்ப்யூட்டர் உத்தரவு போடும். சந்தைத் தரகர் முதலாவதுக்குப் 'பெரியவர்' என்றும் இரண்டாவதுக்குச் 'சின்னவர்' என்றும் பெயர் வைத்திருந்தார்.

நான் பெரியவரைக் கைகாட்டினேன். இழுவைக்கு அதுதான். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தங்கை தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு யாரிடமும் சொல்லாமல் சந்தைக்கு வந்து இரண்டு பானெட்டின்மேலும் கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தது. அப்புறம் தண்ணீர் நிரப்பிய டிரெய்லரைக் கொண்டுவந்து, இரண்டு வண்டியிலும் மாறி மாறி மாட்டி, கல்குவாரி ஏற்றத்தில் ஏற்றி இறக்கினாள். பக்கத்து சீட்டில் நான். பின் சீட்டில் தங்கை மகள், ஒன்பது வயது. பெரியவர் ஏறினார், மறுக்கவில்லை, கறுப்புப் புகையை விட்டுக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில். குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "மாமா, இது ஏன் இப்படி இருமுது?" என்று கேட்டாள். சின்னவர் மூன்றாவது கியரிலேயே ஏறிவிட்டார். சூட்டு முள் நடுவை விட்டு அசையவில்லை. நானும் உச்சியில் இறங்கி ஆயில் மூடியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். மூடி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

நல்ல எஞ்சின். அதைச் சொல்ல இன்றைக்கு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அன்றைக்குச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் முந்தின நாளே பெரியவர் என்று சொல்லியாகிவிட்டது.

சந்தைக்குத் திரும்பினோம். தரகர் இருந்தார், டயர்க் கடைக்காரர் இருந்தார், வண்டி பார்க்க வந்த ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். தங்கை சின்னவருடைய சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, உங்க எஞ்சின் நல்ல எஞ்சின்தான், இல்லேங்கல. ஆனா எனக்கு வேண்டியது எஞ்சின் இல்ல, வண்டி. அஞ்சு நாள் ஸ்கூலுக்கு ஓட்டப்போறது நான்தானே. அந்த கிளட்ச்ச மிதிச்சா சாயங்காலம் கால் என் கால் மாதிரியே இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். தரகர் என் தோளில் தட்டி, "ஜோசியரே, ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்க," என்றார்.

ஆனை என்று சொன்னதற்காக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சறுக்குகிற சமாசாரம்தான் காதில் நின்றது.

"ஆறு மாசம்," என்றேன். "அதுக்கு மேல தாங்காது."

ஏன் ஆறு என்று இப்போது யோசித்தால் எனக்கே தெரியவில்லை. வாயில் வந்தது. ஒரு வருடம் என்று வந்திருந்தால் மாப்பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதம் கிடைத்திருக்கும்.

தரகர் குசும்பு பிடித்தவர். அன்றே டயர்க் கடை ஷட்டரில் சாக்பீஸால் ஒரு தேதி எழுதி, மேலே 'ஜோசியர் கெடு' என்று போட்டுவிட்டார். மழை வந்து அழித்தால் மறுபடி எழுதுவார். காலையில் நான் ஷெட்டைத் திறக்கும்போதெல்லாம் அது எனக்கு நேர் எதிரே இருக்கும். மாப்பிள்ளை இன்னும் மோசம். அவருக்குச் சூதுவாது கிடையாது, அதனால்தான் மோசம் என்கிறேன். மாதம் பிறந்தால் போன் பண்ணுவார். "மச்சான், ரெண்டு மாசம் ஆச்சு, அருமையா ஓடுது. உங்க வாயில சர்க்கரை போடணும், நீங்க பயமுறுத்தினதுல நான் தண்ணி, ஆயில் எல்லாம் தெனம் பாக்குறேன்." அந்த ஆள் தினமும் தண்ணீர், ஆயில் பார்த்தால் எந்த எஞ்சின்தான் கெடும்?

மூன்றாவது மாதம், நாலாவது மாதம். சின்னவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார், வந்தார், டிரெய்லரை இழுத்தார். லிட்டருக்குப் பதிமூன்று கிலோமீட்டர் கொடுத்தார். சந்தையில் இரண்டு பேர் என்னிடம் வராமலே வண்டி வாங்கினார்கள். ஒருவர் என் தங்கையிடம் போய் யோசனை கேட்டிருக்கிறார்.

என் மனைவி ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள், "தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன். என்ன குறைஞ்சிடப்போகுது? தங்கச்சிதானே."

அவளுக்கு விளக்க முடியவில்லை. ஒரு தப்பு ஒரு தப்போடு நிற்காது. இந்த எஞ்சின் விஷயத்தில் ஜோசியர் சறுக்கினார் என்று ஆனால், அந்தக் கோழித்தீவனக்காரர் எஞ்சினும் சும்மா நல்ல எஞ்சினாக இருந்திருக்குமோ என்று கேட்பார்கள். பால் வண்டிக்காரர் எஞ்சினைப் பற்றிக் கேட்பார்கள். இருபத்திரண்டு வருடம், ஒவ்வொரு நட்டாகக் கழன்று விழும். நீங்களும் உத்தியோகத்தில் இருப்பவர், உங்களுக்குப் புரியும்.

கோழித்தீவனக்காரர் யார் என்று கேட்கிறீர்கள். அவர்தான் முதல். அவருடைய வண்டிக்கு ஒரு வருடம் கெடு சொல்லியிருந்தேன். பதினோராவது மாதம் பம்ப்பைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தார், எஞ்சின் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்தேன். கூடவே இன்னொன்றும் செய்தேன். என்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை. நாலு பேருக்கு இந்த மாதிரி வேலையைக் கற்றுக்கொடுத்தான் என்ற கெட்ட பெயர் எனக்கு வேண்டாம். பதினோரு மாதம் இருபது நாளில் எஞ்சின் படுத்தது. அவர் நேரே என்னிடம் வந்து, "உங்க பேச்ச கேக்காம போயிட்டேனே," என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைத் தேற்றி அனுப்பினேன். அவருக்கு அடுத்த வண்டியை நான்தான் பார்த்துக் கொடுத்தேன், இன்றைக்கும் ஓடுகிறது. ஆக அவருக்கு நான் செய்தது நன்மை.

உங்கள் தாளில் ஒரு வண்டி என்று இருக்கிறது. திருத்திக்கொள்ளுங்கள். முன்னால் பதினொன்று, மாப்பிள்ளையுடையதைச் சேர்த்தால் பன்னிரண்டு. மீதியெல்லாம் தானாகவே கெட்டவை. அவற்றில் எனக்குப் பங்கில்லை, பெருமையும் எடுத்துக்கொள்ள மாட்டேன். பால் வண்டிக்காரர் எஞ்சின் நின்று நெடுஞ்சாலை ஓரம் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த லாரி இடித்தது. அது லாரிக்காரன் கவனக்குறைவு. கோர்ட்டே அப்படித்தான் சொன்னது.

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வண்டியைத் தானாகவே பட்டறைக்குக் கொண்டுவந்தார். நான் கூப்பிடவில்லை. இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

"மச்சான், கல்குவாரிக்கு மேல புதுசா கட்டடம் கட்டுறாங்க. ஒரு மாசம் அங்கதான் வேலை. ஏத்தம் ஜாஸ்தி, ஒருக்கா எல்லாத்தையும் பாத்துடுங்க. வேற ஆள்கிட்ட கொடுக்க மனசு வரல."

தரகர் எதிர்க் கடையிலிருந்து, "ஜோசியரே, இன்னும் பத்து நாள். நோயாளி உங்க வாசலுக்கே வந்துட்டாரு," என்று கத்தினார். மாப்பிள்ளை அவருக்கும் கையாட்டினார்.

அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். ரேடியேட்டர் தண்ணீரை மாற்றினேன், பழையது நன்றாகத்தான் இருந்தது. மேல் ரப்பர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பைப் புதிதாகப் போட்டேன். எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவு முறுக்கவில்லை. சாதாரண ஓட்டத்தில் பிடித்துக்கொண்டிருக்கும், பாரம் இழுத்து ஏற்றம் ஏறும்போது உள்ளே அழுத்தம் கூடும், அப்போது குழாயை விட்டுவிடும். அந்த அளவைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் இந்தச் சந்தையில் நான் ஒருவன்தான். சூட்டு முள் நடுவிலேயே நிற்பதற்கும் சின்னதாக ஒரு ஏற்பாடு செய்தேன். முள் ஏறினால் தங்கை உடனே நிறுத்திவிடுவாள், ஆற விட்டுத் தண்ணீர் ஊற்றுவாள், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

மாப்பிள்ளைக்கு எதுவும் ஆகும் என்று நான் நினைக்கவில்லை. அவர் டிரெய்லர் இல்லாமல் தனியாகப் போகும்போது, சமதளத்தில், ஏதாவது மரத்தடியில் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

சரி. நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். டிரெய்லரை இழுக்காமல் அந்தக் கிளாம்ப் விடாது. இப்போதுதான் நானே சொன்னேன். அப்படியென்றால் அதை மாற்றி எழுதுங்கள். ஏற்றத்தில் நிற்கும் என்று தெரியும். ஏற்றத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பற்றி நினைக்கவில்லை. என் வேலை எஞ்சினோடு முடிந்துவிடும். பிரேக், டிரெய்லர் எல்லாம் வேறு ஆட்கள் பார்க்கிற விஷயம்.

ஐந்து மாதம் இருபத்தெட்டாவது நாள். காலை பதினொரு மணி இருக்கும். பட்டறையில் இருந்தேன், போன் வந்தது. தங்கை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளை போனை அவள் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நீங்களும் கடைசியில்தான் கேட்டீர்கள்.

மூன்றாவது வளைவில் எஞ்சின் இறுகி நின்றது. எஞ்சின் நின்றால் பிரேக் கட்டையாகிவிடும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஒன்றரை டன் பின்னால் இழுத்தது. இருந்தாலும் தங்கை வண்டியைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தியிருக்கிறாள், கெட்டிக்காரி. மாப்பிள்ளை கட்டையை எடுத்துக்கொண்டு குதித்து, டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் போடப் போயிருக்கிறார். பக்கவாட்டில் நின்று போட வேண்டும். அவர் நேர் பின்னால் நின்றார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. பின்னால் உருண்ட பிக்கப் சாலையோரச் சுவரில் மோதி நின்றதில் தங்கைக்கு இடது கால், கிளட்ச் மிதிக்கிற கால். குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்தாள், நல்ல வேளை.

மறுநாள் சந்தைக்குப் போனேன். துக்க வீட்டிலிருந்து நேரே போனேன், ஷெட்டைப் பூட்டாமல் வந்திருந்தேன். டயர்க் கடை ஷட்டரில் அந்தத் தேதியை அழித்துவிட்டிருந்தார்கள். தரகர் எழுந்து நின்றார். அவர் எனக்காக எழுந்து நின்றது அதுதான் முதல்முறை. "நீங்க சொன்னீங்க, யாரும் கேக்கல," என்றார். அவர் கண்ணில் தண்ணீர். டயர்க் கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அன்றைக்கே இரண்டு பேர் வண்டி பார்க்கக் கூப்பிட்டார்கள். துக்கம் முடியட்டும் என்றேன், அதுதானே முறை.

பத்து நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள்.

உங்கள் நிபுணர் முதலில் கிளாம்ப் அதிர்வில் தானாகத் தளர்ந்தது என்றுதான் எழுதியிருந்தார். அதை நீங்கள் என்னிடம் காட்டியபோது எனக்குச் சுருக்கென்றது. என் கையால் போட்ட கிளாம்ப் தானாகத் தளராது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரியில் என் தங்கை படுக்கையிலிருந்தபடி உங்களிடம் கேட்டாளாம், "அந்த கிளாம்ப்ல மஞ்சக் கோடு இருக்கா? நேரா இருக்கா, ஒடஞ்சிருக்கா?" என்று. நீங்கள் போட்டோவைக் காட்டியிருக்கிறீர்கள். கோடு முடி பிசகாமல் நேராக இருந்தது. வைத்தது வைத்தபடி. தளரவில்லை, அந்த அளவுக்குத்தான் முறுக்கப்பட்டது.

கோடு ஏன் போட்டாய் என்று நீங்கள் என்னைக் கேட்டபோது சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மரியாதைக் குறைவாகச் சிரிக்கவில்லை. சரியாக முடித்த வேலைக்குத்தான் நான் கோடு போடுவேன். அந்த வேலை சரியாக முடிந்தது. கை தானாகவே பெயின்ட் டப்பாவுக்குப் போயிருக்கிறது. என் மனைவி நேற்று வந்தாள், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "கெடுவான் கேடு நினைப்பான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கொண்டுவந்த சாப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தாளைக் கொடுங்கள், படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். இங்கே 'சுமார் ஆறு மாதம்' என்று இருக்கிறது. சுமார் வேண்டாம். ஐந்து மாதம் இருபத்தெட்டு நாள். 'ஆத்திரத்தில்' என்று போட்டிருக்கிறீர்கள், அதையும் அடித்துவிடுங்கள். ஆத்திரப்பட்டவன் கை இவ்வளவு நிதானமாக முறுக்காது. நீங்கள் வாங்கப்போகிற வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் வெளியே சொன்ன அந்தச் சின்ன எஞ்சின் வேண்டாம். வாங்கினால் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்காதீர்கள், இப்போது என்னால் உறுதி சொல்ல முடியாத நிலை.

இனி போன் விஷயம். என் தங்கை உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவரச் சொன்னதாகச் சொன்னீர்கள். அந்த நேரத்தில் அண்ணனுக்குத் தெரியுமா, தெரியாதா.

அவள் பேசியது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "அண்ணே, முதல் வளைவு தாண்டிட்டோம். ஒரு மாதிரி தித்திப்பா வாடை வருது. நிறுத்திப் பாக்கட்டுமா?"

ரேடியேட்டர் தண்ணீர் சூட்டில் கசிந்தால் அப்படித்தான் மணக்கும். கிளாம்ப் விடத் தொடங்கியிருந்தது. அந்த இடம் சமதளம், ஓரம் கட்ட அகலமான இடமும் உண்டு. அவள் நிறுத்தியிருந்தால், பானெட்டைத் திறந்திருந்தால், ஒரு ஸ்குரூடிரைவரில் தீர்ந்துபோகிற வேலை. எஞ்சின் இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும்.

"முள்ளு எங்க நிக்குது?" என்று கேட்டேன்.

"நடுவுலதான்."

மாப்பிள்ளை பக்கத்திலிருந்து, "மச்சான் சொல்லட்டும், மச்சானுக்குத் தெரியும்," என்றார்.

"அப்போ ஒண்ணுமில்ல," என்றேன். "ஏறு."

ஆமாம், தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவள் மறுபேச்சுப் பேசவில்லை, "சரிண்ணே," என்று சொல்லிவிட்டு ஏறினாள். எதையும் தானே பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்கிறவள், என் ஒரு வார்த்தையை அப்படியே நம்பினாள். சந்தையில் அத்தனை பேர் முன்னால் அவள் பேசியது அன்றோடு என் மனதிலிருந்து போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளிடம் சொல்லுங்கள், அந்த எஞ்சினை வாங்கியதற்காக அண்ணன் அவளை மன்னித்துவிட்டான் என்று.